பசுமைக்குடில் சாமந்தி: விளக்கும் கருப்புத் துணியும் கொண்டு பூக்கும் நாளை முடிவு செய்யும் முறை

ஓசூர், கோத்தகிரிப் பகுதிகளில் பசுமைக்குடில் அமைத்துக் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்களுக்கு நாற்று, உரம், நோய் மருந்து பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் பலர் இருக்கிறார்கள். செடி எப்போது பூக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற இரவு நேரத்தைப் பற்றி அதே அக்கறையோடு சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. இதனால் பலரும் விளக்குக்குப் பணம் செலவழித்துவிட்டு, இருட்டு தானாக வருவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். தண்டு போதிய உயரம் எட்டும் முன்பே பூத்துவிடுவது, பொங்கலுக்கு வர வேண்டிய பூ தை கடைசியில் வருவது, ஒரே பாத்தியில் பாதி மலர்ந்து பாதி மொட்டாகவே நிற்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செடியின் இரவை ஒழுங்காக வைத்துக்கொள்வதை இக்கட்டுரை முறையாக விளக்குகிறது.

சாமந்தி ஒரு குறும்பகல் செடி, அதாவது பகல் குறுகி இரவு நீளும்போது பூப்பது. பெயரில் பகல் இருந்தாலும் செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தைத்தான். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர், புகையிலையையும் சோயா மொச்சையையும் இருட்டுக் கொட்டகைக்குள் நேரம் பார்த்து அடைத்தும் திறந்தும் ஆராய்ந்து, பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை 1920-இல் வெளியிட்டார்கள். 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தை என்னும் களைச்செடியை வைத்துச் செய்த சோதனையில், நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் காட்டினாலே செடி பூக்காமல் நின்றுவிடுவது தெரியவந்தது. இன்று நாம் நள்ளிரவில் பல்பு எரிப்பதற்கு அடிப்படை அந்தச் சோதனைதான். ஏறக்குறைய அதே காலத்தில் சோவியத் நாட்டில் சைலாக்யான் என்பவர் சாமந்தியையே எடுத்துக்கொண்டு, இருட்டை உணர்வது நுனிக் குருத்து அன்று, இலைதான் என்பதைக் காட்டினார். நடைமுறையில் இது மிக முக்கியமான செய்தி. வெளிச்சமானாலும் இருட்டானாலும் அது இலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அடர்ந்து வளர்ந்த பாத்தியில் நிழலில் இருக்கும் இலைகளை நம்பித் திட்டமிடக் கூடாது.

இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டதும் அது ஒரு நிலைக்கு மாறுகிறது. இருட்டில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இருட்டு தடைபடாமல் நீடித்தால், பூக்கத் தூண்டும் புரதத்தை இலை உண்டாக்கி நுனிக்கு அனுப்புகிறது. நடுவில் வெளிச்சம் பட்டால், பூப்பைத் தடுக்கும் இன்னொரு புரதம் உருவாகிறது. ஆகவே இரவில் எரிக்கும் விளக்கைச் செடிக்கு உணவு சமைக்க உதவும் ஒளியாக எண்ணிக் கணக்கிட வேண்டியதில்லை. அது ஒரு சமிக்ஞை மட்டுமே. அதற்குத் தேவைப்படும் வெளிச்சமும் மிகக் குறைவு.

பெரும்பாலான வணிக ரகங்கள், தொடர்ச்சியான இருட்டு ஏறத்தாழ 10½ மணி நேரத்தைத் தாண்டும்போது மொட்டுத் தொடங்கிவிடுகின்றன. தொடங்கிய மொட்டு தடையில்லாமல் வளர்ந்து மலர, இருட்டு 12 மணி நேரத்தை நெருங்கவோ தாண்டவோ வேண்டும். ரகத்துக்கு ரகம் இந்த அளவு சற்று மாறும் என்பதால், நாற்று கொடுப்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. நம் ஊர் வானத்தை இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலையின் தன்மை விளங்கும். ஓசூரில் ஜூன் பின்பகுதியில் வரும் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 52 நிமிடம்; டிசம்பர் பின்பகுதியில் வரும் மிகக் குறுகிய பகல் 11 மணி 22 நிமிடம். விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் உள்ள மங்கிய வெளிச்சத்தில் இருபது இருபது நிமிடத்தையும் செடி பகலாகவே எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், டிசம்பரில் 12 மணி நேர இருட்டும் ஜூனில் சுமார் 10½ மணி நேர இருட்டும் கிடைக்கின்றன. கோத்தகிரியிலும் பெரிய வேறுபாடு இல்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. நம் பகுதியில் விளக்கே இல்லாவிட்டால் சாமந்தி ஆண்டின் பெரும்பகுதியில் சிறு செடியாக இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும்; ஆகவே தண்டு நீள வேண்டுமானால் எந்த மாதத்தில் நட்டாலும் தொடக்கத்தில் இரவு விளக்கு தேவை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை விளக்கை நிறுத்தினாலே போதும், வானமே தேவையான இருட்டைக் கொடுத்துவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அப்படி நம்பியிருக்க முடியாது. மொட்டுத் தொடங்கும் அளவுக்கு இருட்டு கிடைக்கும், அதை வளர்த்து முடிக்கும் அளவுக்குக் கிடைக்காது. அந்த மாதங்களுக்குத்தான் கருப்புத் துணி. நெதர்லாந்து, இங்கிலாந்து நாட்டு நூல்களில் உள்ள கால அட்டவணைகளை அப்படியே எடுத்துப் பின்பற்றுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்த நாடுகளின் கோடைப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டுவது. அங்கே கோடையில் விளக்கு வேண்டாம், இங்கே வேண்டும்.

நாள் குறித்தல்

திட்டத்தை அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். சாமந்தி ரகங்களை வாரக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறார்கள். 9 வார ரகம் என்றால், நீண்ட இரவு தொடங்கிய நாளிலிருந்து பூ அறுக்க 9 வாரம் ஆகும் என்று பொருள். நட்ட நாளிலிருந்து கணக்கிடுவது தவறு. வணிகத்தில் உள்ளவை பெரும்பாலும் 7 முதல் 10 வார ரகங்கள்.

பொங்கல் சந்தைக்காக ஜனவரி 12 அன்று அறுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 9 வார ரகத்துக்கு 63 நாள் பின்னே போனால் நவம்பர் 10 வருகிறது. அன்றிரவு விளக்கு எரியக் கூடாது. தண்டு வளர்வதற்கு 5 வாரம் விளக்கொளியில் விட வேண்டும் என்றால், வேர் பிடித்த நாற்றை அக்டோபர் 6 அன்று நட வேண்டும். நுனி கிள்ளிப் பல கிளைகளாக வளர்ப்பவர்கள், புதுக் கிளை எழுவதற்காக மேலும் இரண்டு வாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை பகல் குறுகியது என்பதால் இந்தப் பயிருக்குக் கருப்புத் துணியே வேண்டியதில்லை. முதன்முறை இந்த முறையில் இறங்குபவர்களுக்குப் பொங்கல் பயிரையே நான் பரிந்துரைப்பேன். ஆயுத பூஜைக்கான பயிரில் நீண்ட இரவு ஜூலையிலும் ஆகஸ்டிலும் வேண்டியிருக்கிறது. அங்கே துணி, வெப்பம், ஆள்கூலி மூன்றையும் சமாளிக்க வேண்டும்.

நாட்காட்டியை மட்டும் பார்த்து விளக்கை நிறுத்திவிடக் கூடாது. செடி 25 முதல் 30 செ.மீ. உயரம் எட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விளக்கை நிறுத்திய பிறகும் தண்டு நீளும், ஆனால் இலைகளின் எண்ணிக்கை அதற்குள் ஏறக்குறைய முடிவாகிவிடும். மேகமூட்டமான மாதங்களில் வளர்ச்சி மந்தப்பட்டிருந்தால், ஒரு வாரம் பிந்தி நிறுத்துவது குட்டைத் தண்டுப் பூவை மலிவு விலைக்குக் கொடுப்பதைவிட மேலானது.

விளக்கு

நட்ட அன்றிரவே விளக்கு எரியத் தொடங்க வேண்டும். வேர் ஊன்றட்டும் என்று நான்கைந்து இரவுகளை விட்டுவிட்டால், அந்த இரவுகளிலேயே சில ரகங்கள் மொட்டுக்குத் திரும்பிவிடும். இரவு 10 மணி முதல் 2 மணி வரை நான்கு மணி நேரம் எரிப்பது நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும், நம்பத் தகுந்த முறை. இது இரவை நடுவில் உடைத்து, இரு பக்கமும் நான்கைந்து மணி நேரத் துண்டுகளாக்கிவிடுகிறது; எந்தத் துண்டும் 7 மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பதே குறிக்கோள். மாலையில் பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டுப் பகலை நீட்டுவதாலும் இதே பலன் கிடைக்கும், ஆனால் கூடுதல் நேரம் எரிக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தின் அளவு, இரண்டு பல்புகளுக்கு நடுவே உள்ள மிக மங்கிய இடத்தில், இலை மட்டத்தில், 100 லக்ஸுக்குக் குறையக் கூடாது. பல்புக்கு நேர் கீழே அளந்து திருப்தி அடைந்துவிடுபவர்கள் உண்டு. பாத்தி ஓரத்திலும் குடிலின் மூலைகளிலும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். ஓரச் செடிகள் மட்டும் முந்திப் பூக்கின்றன என்றால் காரணம் பெரும்பாலும் அந்த மூலைகளில்தான் இருக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்புகளை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, செடிக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுவது தொடக்கத்துக்கு ஏற்ற அமைப்பு. செடி வளர வளரப் பல்பு கீழிறங்கியதுபோல் ஆகி வெளிச்சம் பரவும் வட்டம் சுருங்கும் என்பதால், கயிறு அல்லது கம்பியில் உயர்த்திக்கொள்ளும்படி கட்டுவது நல்லது.

நிறத்தைப் பொறுத்தவரை, செடி தேடுவது சிவப்பைத்தான். வெள்ளை எல்.இ.டி.யிலேயே மஞ்சள் கலந்த வெள்ளையில் சிவப்பு அதிகம், நீலம் கலந்த பளிச்சென்ற வெள்ளையில் குறைவு. கடையில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது மஞ்சள் கலந்ததையே வாங்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி. மட்டும் கொண்ட விளக்குகள் இன்னும் சிக்கனமானவை. ஆனால் லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பச்சையைக் கூட்டியும் சிவப்பைக் குறைத்தும் காட்டும். சிவப்பு விளக்கின் கீழ் மீட்டர் காட்டும் சிறிய எண்ணைப் பார்த்துவிட்டு விளக்கு போதவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அங்கே விளக்கு செய்தவர் கொடுத்துள்ள இடைவெளியைப் பின்பற்றுவதே சரி.

மின்செலவை ஒரு கணக்கால் விளக்கலாம். 500 சதுர மீட்டர் குடிலுக்கு மேற்சொன்ன இடைவெளியில் 125 பல்புகள் தேவைப்படும். 9 வாட் வீதம் மொத்தம் 1,125 வாட்; நான்கு மணி நேரத்துக்கு 4½ யூனிட். பழைய 100 வாட் குண்டு பல்புகளாக இருந்தால் அதே இரவுக்கு 50 யூனிட் ஆகும். இதை இன்னும் குறைக்க வழி உண்டு. நான்கு மணி நேரமும் தொடர்ந்து எரிக்காமல், 6 நிமிடம் எரித்து 24 நிமிடம் அணைப்பது என்று சுழற்சியாக ஓட்டினாலும் செடி ஏமாறும். யூனிட் ஐந்தில் ஒன்றாகக் குறையும். சுழற்சி முறையில் வெளிச்ச அளவு குறைவாக இருந்துவிட்டால் ஈடுகட்ட வழியில்லை என்பதால், 100 லக்ஸ் எல்லா மூலையிலும் உறுதியான பிறகே இதற்கு மாற வேண்டும். சுழற்சிக்குக் குண்டு பல்பும் எல்.இ.டி.யும் பொருந்தும், குழல் விளக்கும் சி.எஃப்.எல்.லும் அடிக்கடி போட்டு அணைத்தால் விரைவில் பழுதாகும்.

டைமரில் பேட்டரி சேமிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மின்சாரம் நின்றால் கூடவே நின்றுவிடும் டைமர், இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு நள்ளிரவு வேலையை அதிகாலையில் செய்யும். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓர் இரவு விளக்கு எரியாமல் போனால் பெரும் சேதம் இல்லை, தொடர்ந்து சில இரவுகள் போனால் மொட்டுத் தொடங்கிவிடும். குடிலுக்குள் எப்போதும் ஈரம் இருப்பதால், ஈரம் புகாத ஹோல்டர்களும் மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம் வேண்டும். எந்த வகை மின் இணைப்பில் இந்த விளக்குகளை எரிக்கலாம் என்பதை உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்றுக்காக வளர்க்கும் தாய்ச்செடிகளுக்கு இந்த விளக்கு என்றைக்கும் நிற்கக் கூடாது. மொட்டு எண்ணம் வந்துவிட்ட தாய்ச்செடியிலிருந்து எடுத்த நாற்று, புதுப் பாத்தியில் எவ்வளவு விளக்கு எரித்தாலும் ஒழுங்காக வளராது.

ஒரு பக்கக் குறிப்பு: டிராகன் பழத் தோட்டங்களில் குளிர்காலத்தில் இரவு விளக்கு எரிப்பது செடியைப் பூக்க வைப்பதற்காக. அது நெடும்பகல் செடி. அதே பல்பு சாமந்தியைப் பூக்காமல் தடுக்கிறது என்பதால், இரண்டையும் அருகருகே வளர்ப்பவர்கள் எந்தத் தோட்டத்தின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும்.

இருட்டு

விளக்கை நிறுத்திய முதல் மூன்று வாரங்களே பயிரின் விதியை முடிவு செய்கின்றன. இந்த நாட்களில் இரவு ஒன்றுகூடக் கெடக் கூடாது என்ற கண்டிப்போடு நடந்துகொள்ள வேண்டும். கோடைப் பயிருக்கு மாலையில் துணியை மூடி, காலையில் திறந்து, 13 மணி நேர இருட்டைக் கொடுப்பது பாதுகாப்பான அளவு.

மாலை 5 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத் திறப்பது வேலையாட்களுக்கு வசதி, செடிக்குக் கேடு. வெயிலில் சூடேறிய குடிலை 5 மணிக்கு மூடினால் அந்த வெப்பம் துணிக்குள்ளேயே தங்கிவிடும். மொட்டுத் தொடங்கும் நாட்களில் இரவு வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சிறப்பு. துணிக்குள் 27, 28 டிகிரிக்கு மேல் தேங்கினால் இருட்டு சரியாக இருந்தும் பூ பிந்தும். மாலை 6½ மணிக்கு மூடிக் காலை 7½ மணிக்குத் திறந்தால் அதே 13 மணி நேரம் கிடைக்கிறது, வெப்பத்தின் பெரும்பகுதியும் விலகுகிறது. நேரத்தைக் காலைப் பக்கம் தள்ளுவது காசு செலவில்லாத தீர்வு. ஆள் வசதி இருந்தால் இரவு 7½ மணிக்கு வெளியே நன்றாக இருட்டிய பின் பக்கத் துணிகளைச் சுருட்டிக் காற்றோட்டம் விட்டு, விடியலுக்கு முன், 5 மணிக்குள் மீண்டும் மூடலாம். துணியின் வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெள்ளி நிறத்திலும் உட்பக்கம் கருப்பாகவும் இருந்தால் வெப்பம் இன்னும் குறையும்.

துணி போட்டுவிட்டோம் என்பதாலேயே இருட்டு வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் துணியை முழுவதும் மூடி, உள்ளே போய்ப் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கண் பழகிய பிறகு, தையல் இணைப்புகளிலும், கம்பி உராய்ந்த மடிப்புகளிலும், தரையைத் தொடாத கீழ் விளிம்பிலும் வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அந்த வெளிச்சத்தில் செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்க முடிந்தால் துணி போதாது. 20 லக்ஸ் வரை பொறுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மீட்டர் பூஜ்யத்தை விட்டு நகராத நிலையைக் குறிக்கோளாக வைத்துக்கொள்வதே நான் சொல்வது. பொட்டு தெரிந்த இடங்களை அன்றே கருப்பு ஒட்டுநாடாவால் அடைத்துவிட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் வெளிச்சங்களில் மிகப் பெரிய குற்றவாளி பக்கத்துப் பகுதியில் எரியும் நம்முடைய விளக்கே. ஒரே குடிலுக்குள் ஒரு பக்கம் இளம் பயிரும் மறுபக்கம் மொட்டுப் பயிரும் இருந்தால், நடுவே கூரை முதல் தரை வரை தடுப்புத் துணி இல்லாமல் எந்தத் திட்டமும் பலிக்காது. அடுத்தது காவலுக்காகப் போட்ட விளக்கும் தெருவிளக்கும். நிலவொளியைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, முழுநிலவின் வெளிச்சம் ஒரு லக்ஸுக்கும் குறைவு. இரவில் மருந்தடிக்கவோ தண்ணீர் பார்க்கவோ டார்ச்சோடு உள்ளே போகும் பழக்கத்தை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வராததால் அன்று மூடாமல் விடுவது சில இடங்களில் நடக்கிறது. முதல் மூன்று வாரத்துக்குப் பிறகு என்றால் பயிர் கெட்டுவிடாது. விட்ட ஒவ்வோர் இரவுக்கும் ஏறத்தாழ ஒரு நாள் பூப்பு பிந்தும். அதைக் கணக்கில் சேர்த்துத் திட்டமிட்டால் குற்றமில்லை.

செடி காட்டும் அடையாளங்கள்

தவறு நடந்திருந்தால் செடியே காட்டிவிடும். இருட்டுத் தொடங்கிப் பிறகு தடைபட்ட செடியின் நுனியில், சாமந்திக்கே உரிய பிளவுபட்ட இலை மாறி, பிளவே இல்லாத குறுகலான நாடா வடிவ இலைகள் இரண்டு மூன்று தோன்றும். அவற்றுக்கு மேல் ஒரு மொட்டு உருண்டு நின்றுவிடும். நாட்கள் போனாலும் பெருக்காது. அதன் கீழிருந்து எழும் பக்கக் கிளைகள் அதைத் தாண்டி உயரும். இப்படிப்பட்ட மொட்டு வளரும் என்று காத்திருப்பது வீண். அது பாத்தி முழுவதும் தெரிந்தால் இருட்டின் நீளம் போதவில்லை. ஒரு வரிசையில் மட்டும் தெரிந்தால் அந்த வரிசையின் மேல் எங்கோ துணி கிழிந்திருக்கிறது. வாசல் அருகே மட்டும் தெரிந்தால் வெளி விளக்கைத் தேட வேண்டும். நீண்ட இரவு தொடங்கி நான்கு வாரம் ஆகியும் பட்டாணி அளவு மொட்டுக்கூடக் கண்ணுக்குத் தெரியாமல், இலைகளும் இயல்பாக இருந்தால், வெப்பத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொத்துச் சாமந்தியில் பூவின் இதழ் அடர்த்தியைக் கூட்ட, 10 அல்லது 12 நீண்ட இரவுகளுக்குப் பிறகு பத்து நாள் விளக்கை மீண்டும் எரித்து, பிறகு திரும்பவும் நிறுத்துகிற முறையும் ஐரோப்பியக் குடில்களில் உண்டு. அடிப்படை முறையில் இரண்டு பயிராவது சீராக எடுத்த பிறகே இதை முயல வேண்டும்.

மொட்டுகளில் இதழ் நிறம் வெளியே தெரியும் வரை துணி மூடுவதைத் தொடர வேண்டும். நிறம் தெரிந்த பிறகு இருட்டு செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. துணியை எடுத்துவிட்டால் காற்றோட்டம் கூடி, இதழில் சாம்பல் பூசணம் பிடிப்பதும் குறையும். அறுவடைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்புப் பயிர் எடுப்பதாக இருந்தால், அறுத்து முடித்த அன்றிரவு 10 மணிக்கே அந்தப் பகுதியின் விளக்கு எரியும்படி டைமரை மாற்றிவைத்துவிட வேண்டும்.